அலமேலுன்னு யாரும் கெடயாது சார்!

நார்வே நாட்டில் எங்களுக்கு ஒரு எள்ளுப்பாட்டி இருந்தாராம்.

நாலைந்து மாதங்களுக்கு முன் ஒரு காலை வேளையில் இந்தத் தகவலை எனக்குச் சொன்னவர் என் கணவர் ரகு. கையில் காபி தம்ளர். முகத்தில் புது கண்டத்தைக் கண்டுபிடித்த களை.

"பேரு இங்கபோர்க். வெப்சைட்ல மேட்ச் காமிக்கறதுடி!"

"நம்மாத்துல யாருக்கு நீலக் கண்ணு? உங்க தங்கைக்குக் கண்ணுல புரைதான் இருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்கு நேரம் கிடையாது. மேலே இன்னும் பதினைந்து தலைமுறை பாக்கி இருக்கிறதே!

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது வாக்காளர் பட்டியல்தான். ஞாபகம் இருக்கிறதா? பழைய பட்டியலில் உங்கள் பெயரோ, அப்பா அம்மா பெயரோ எங்கே இருக்கிறது என்று தேடி எழுதிக் கொடுக்கச் சொன்னார்களே... ஊரே செல்போனை மூக்கு நுனியில் பிடித்துக்கொண்டு பி.டி.எஃப். பி.டி.எஃப்.பாக அலைந்ததே... அப்போது பிடித்தது.

மற்றவர்கள் பெயர் கிடைத்ததும் அப்பாடா என்று மூடி வைத்துவிட்டார்கள். ரகு மூடவில்லை. காலமாகிவிட்ட என் மாமனார் சீனிவாசன், பழைய மயிலாப்பூர் பட்டியலில், பழைய கதவு எண்ணோடு, மாமியாருக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தார். அதையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் இவர்.

"அப்பா இருக்கார்டி இதுல..."

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் ஃபைல் புரட்டிய மனிதர். ரிட்டயர் ஆகி ஒரு வருடமாகப் புரட்ட எதுவும் இல்லாமல் மந்தைவெளி ஃப்ளாட்டில் ஜன்னலுக்கும் சோபாவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கேட்க வேண்டுமா?

முதலில் ஒரு வெளிநாட்டு வெப்சைட். குடும்ப மரம் வரைந்து தரும். பெயர் கேட்டது, கொடுத்தார். அடுத்து 'சர்நேம்' கேட்டது. இங்கேதான் வந்தது சிக்கல். நமக்கேது சர்நேம்? இனிஷியல்தான். அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இதைக் கம்ப்யூட்டருக்கு எப்படிப் புரிய வைப்பது?

அடுத்தது இன்னும் வேடிக்கை. இவர் வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம். ரகுநாதன், சீனிவாசன், ரகுநாதன், சீனிவாசன்... ஏறிக்கொண்டே போனார். 'இவர்கள் அனைவரும் ஒரே நபரா?' என்று கேட்டது வெப்சைட். எனக்கும் பல சமயம் அந்தச் சந்தேகம் வந்ததுண்டு. பிடிவாதத்தில் எல்லோரும் ஒரே நபர்தான்.

அந்தக் காலக் கப்பல் பயணிகளின் பட்டியல் ஆன்லைனில் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அதில் ஒரு வாரம். எங்கள் முன்னோர்கள் தாம்பரத்தைத் தாண்டியதற்கே ஆதாரம் கிடையாது. கப்பலாம்!

இன்னொரு வெப்சைட்டில் லட்சக்கணக்கான கல்லறைகளின் போட்டோ. மேலே பேர், கீழே பிறந்த தேதி, இறந்த தேதி... பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எத்தனை சௌகரியம் பாரு. நம்மவா எல்லாரையும் எரிச்சுட்டோமே!" என்றார் வருத்தமாக. என்னவோ அவசரப்பட்டுவிட்டோம் என்கிற மாதிரி.

சும்மா சொல்லக் கூடாது. உருப்படியாகவும் சில கிடைத்தன. பழைய அரசிதழ்களை வரி விடாமல் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். பழைய பள்ளிக்கூட ஆண்டு மலர்கள்கூட வந்துவிட்டன. அப்படி ஒரு மலரில் இவருடைய தாத்தா சிக்கினார். டிராயிங் மாஸ்டர். நெருப்பு மாதிரி மனிதர், எதிரே நின்று பேச யாருக்கும் தைரியம் கிடையாது என்றுதான் குடும்பத்தில் பேச்சு. ஆண்டு மலரில் என்ன இருந்தது தெரியுமா? ஆசிரியர்களுக்கான விளையாட்டுப் போட்டி. எலுமிச்சம்பழமும் ஸ்பூனும். மூன்றாம் பரிசு.

அன்றைக்குத்தான் நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பல்லிடுக்கில் ஸ்பூனோடு ஓடுகிற நெருப்பைப் பார்க்க யாருக்குத்தான் ஆசையிருக்காது?

அதற்கப்புறம் நடந்ததுதான் விஷயம்.

மயிலாப்பூரில் இவர்களுக்கு ஒரு பூர்வீக வீடு இருந்தது. இவர் பள்ளிக்கூடம் படிக்கும்போதே விற்றாகிவிட்டது. அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தால் பழைய பெயர்களெல்லாம் கிடைக்கும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். இப்போது அதுவும் ஆன்லைனில். பெயரிலேயே வில்லங்கம் இருக்கிறதே, வேண்டாமே என்றேன். கேட்கவில்லை.

"இங்க வாயேன்..."

குரல் வேறு மாதிரி இருந்தது. நார்வே குரல் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

திரையில், வீட்டை விற்பதற்கு முன் எழுதிய ஒரு விடுதலைப் பத்திரம் பற்றிய வரி. வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற பத்திரம். எழுதிக் கொடுத்தவர் பெயர் – அலமேலு.

"அத்தைடி" என்றார் ரகு. "செத்துப்போய் ஆறு வருஷம் கழிச்சு எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பா?"

அலமேலு, என் மாமனாரின் தங்கை. ஜாதகம் சரியில்லை என்று கல்யாணம் தள்ளிக்கொண்டே போக, தி.நகரில் தையல் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தவள். ரகுவைத் தூக்கி வளர்த்தவள். பாக்கெட் வைத்து முதல் டிராயர் தைத்துக் கொடுத்தவள். இவருக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் அத்தை வகுப்பிலிருந்து திரும்பவில்லை. வீட்டில் எல்லோரும் அழுதார்கள். "அத்தை எங்கப்பா?" என்று கேட்ட பிள்ளையிடம் அப்பா சொன்னது ஒரே வார்த்தை.

"போயிட்டா."

வீடு முழுக்க அழுகை, அப்பா 'போயிட்டா' என்கிறார்... ஆறு வயதுப் பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்? அதற்கப்புறம் அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் நானே ஒரு தடவை கேட்டேன். "பாவம், போயிட்டா" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார் மாமியார். இப்போது கேட்கலாமென்றால் அவரும் இல்லை.

பொய் என்று சொல்ல முடியுமா? போனாள் என்பது நிஜம்தானே! எங்கே என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். நம் தமிழ்தான் அவர்களோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. ஊருக்குப் போனாலும் 'போயிட்டா'. உலகத்தை விட்டுப் போனாலும் 'போயிட்டா'.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. மாமனார் காலமான பிறகு, மஹாளய பட்சத்தில் தர்ப்பணம் செய்யும்போது, காலமான மற்ற உறவுக்காரர்களின் பெயர்களையும் வாத்தியார் கேட்பார். அப்போது இவராகவே, யாரும் சொல்லாமலே, அத்தை பெயரைச் சேர்த்துக்கொண்டார். வருடா வருடம் அலமேலு அத்தைக்கு எள்ளும் தண்ணீரும். அந்த டிராயருக்கு நன்றிக்கடன்.

அன்று மத்தியானம் இவர் சரியாகச் சாப்பிடவில்லை. "நான் பாட்டுக்கு இறைச்சிண்டிருந்தேனே..." என்று இரண்டு தடவை சொன்னார்.

பத்திரத்தின் நகலுக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பம் போட்டோம். சில நாட்களில் வந்தது. 'கோட்டூர்புரத்தில் வசிக்கும் துரைக்கண்ணு மனைவி அலமேலு.' கீழே அழகான, சாயாத தமிழ்க் கையெழுத்து. துரைக்கண்ணு! எங்கள் ஜனங்களில் யாரும் வைக்காத பெயர். அந்தப் பெயரைப் பார்த்தபோது கதை முழுவதும் எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரிந்திருக்கும். எங்கள் குடும்பம் அந்த மனிதரின் பெயரைக் காகிதத்தில் எழுதியது அந்த ஒரு தடவைதான். அதுவும் வீட்டை விற்பதற்காக.

கோட்டூர்புரம் என்றால் எங்கே? தெருப் பெயர் தெளிவாக இல்லை. மறுபடியும் பழைய வாக்காளர் பட்டியல். ஆனால், அந்த பி.டி.எஃப். வெறும் படம். தேடல் பெட்டியில் அலமேலு என்று தட்டினால் 'முடிவுகள் இல்லை' என்று வரும். கண்ணால்தான் தேட வேண்டும். பக்கம் பக்கமாகப் பிரின்ட் எடுத்து, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தி, உரக்கப் படிக்க ஆரம்பித்தார் ரகு. மூன்று நாள் பாராயணம்.

மூன்றாவது நாள், வீடு துடைத்துக்கொண்டிருந்த காஞ்சனா நிமிர்ந்தாள். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்பவள். கோட்டூர்புரத்தில் ஆற்றோரக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். குடியிருப்பைக் காலி செய்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு, இரண்டு பஸ் மாறி மந்தைவெளிக்கு வருகிறாள்.

"இன்னா சார், எங்க ஏரியா ஆளுங்க பேரா படிச்சிகினு கீறீங்க?"

"நீ வேலையைப் பாரு" என்றார் இவர், கண்ணை எடுக்காமல். "கபாலி, தந்தை பெயர் முனுசாமி..."

"அது குள்ள கபாலி சார். மீன்பாடி வண்டி ஓட்டிக்கினு இருந்தாரு."

"சரோஜா, கணவர் பெயர் ஏழுமலை..."

"ஐய! சுண்டல் சரோஜா. ஏழுமலை எப்பவோ உட்டுட்டு ஓடிட்டாரு. இன்னும் அந்தாளு பேரையா போட்டுகினு கீறாங்க?"

ரகுவுக்கு எரிச்சல். ஆராய்ச்சியாளரை இப்படியா தொந்தரவு செய்வது? அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ஸ்கேல் நகர்ந்தது. திடீரென்று நின்றது.

"அலமேலு. கணவர் பெயர் துரைக்கண்ணு." எழுந்தே நின்றுவிட்டார். "இருக்கா! அத்தை இருக்கா!"

பட்டியல் பழையதுதான். ஆனால், பத்திரத்துக்கும் இருபது வருடத்துக்கு மேல் பிந்தியது. பெயர், கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம்... ஒரு சின்னக் கட்டத்துக்குள் அத்தை உயிரோடு இருந்தாள்.

"காஞ்சனா! இந்த அலமேலுவை உனக்குத் தெரியுமா?"

காஞ்சனா யோசித்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"அலமேலுன்னு யாரும் கெடயாது சார் அங்க."

இவர் முகம் விழுந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நன்னா யோசிச்சுப் பாரேன்..."

"எனக்குத் தெரியாம அங்க யாரு சார்? அலமேலு, கிலமேலு யாரும் இல்ல. ஆமா, அதுக்கு மேல யாரு பேரு போட்டுருக்கு?"

"கன்னியப்பன்."

"கீழ?"

"தனலட்சுமி, கணவர் பெயர் ஆறுமுகம்."

துடைக்கிற துணியை வாளிக்குள் போட்டாள் காஞ்சனா.

"கன்னியப்பன் வூட்டுக்கும் தனம் அக்கா வூட்டுக்கும் நடுவுலன்னா... அது மிஷினம்மா வூடாச்சே!"

"மிஷினம்மாவா?"

"தையல் மிஷின் சார். ஏரியா மொத்தத்துக்கும் அவங்கதான் தெச்சாங்க. என் கண்ணாலத்துக்கு ஜாக்கெட் தெச்சது யாருன்றீங்க? மிஷினம்மாதான். அவங்க வூட்டுக்காரு பஸ் கண்டக்டரு. பேரு யாருக்குத் தெரியும், கண்டக்டருன்னுதான் கூப்டுவோம். நல்ல மனுசன். செத்துட்டாரு, பாவம்." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "அவங்க உங்களுக்கு இன்னா வேணும்?"

நான்தான் சொன்னேன். காஞ்சனா இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். முதல் கால், யாரோ வசந்தா அக்காவுக்கு. வசந்தா அக்கா கொடுத்த நம்பருக்கு இரண்டாவது கால். ஸ்பீக்கரில் போட்டாள்.

"யக்கோவ், நம்ம மிஷினம்மா எப்டி கீறாங்க?"

ரகு மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்கு இன்னா? ஜம்முனு கீறாங்க" என்றது போன். "ஆதம்பாக்கத்துல, பொண்ணு விஜயா வூட்ல. கண்ணாடி போடாம ஊசில நூலு கோக்குது. இன்னா விசயம்?"

இவர் தேடியது நாலு மாதம். காஞ்சனா தேடியது ஏழு நிமிடம். அதில் நாலு நிமிடம் வசந்தா அக்காவின் முட்டி வலி பற்றி.

உடனே கிளம்பியிருப்போம் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. ஒரு வாரம் ஓடிவிட்டது. இன்றைக்கு மழை, நாளைக்கு அஷ்டமி, மறுநாள் மிக்ஸி ரிப்பேர்... எனக்குப் புரிந்தது. கடைசியில் அவரே சொன்னார்.

"எந்த மூஞ்சியை வெச்சுண்டு போறது? கையெழுத்து வாங்கறதுக்கு மட்டும் அப்பாவுக்கு அட்ரஸ் தெரிஞ்சிருக்கு பாரு."

காதில் வாங்கிக்கொண்டே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த காஞ்சனா திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை நான் போறேன் சார். 'உங்க அண்ணன் மவன் வெக்கப்பட்டுகினு வூட்லயே குந்திகினு கீறாரு'ன்னு சொல்லிட்டு வரேன். வேற எதுனா சொல்லணுமா?"

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினோம்.

ஆதம்பாக்கத்தில் ஒரு குறுகிய தெரு. முதல் மாடி. கதவைத் திறந்தது விஜயா. அத்தையின் மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். போனில் விஷயம் தெரிந்திருந்ததால் எங்களைப் பார்த்ததும் வழிவிட்டு நின்றாள். ஜன்னல் ஓரமாகத் தையல் மிஷின். அதன் முன்னால் சிறிய உருவமாக அத்தை. அவர் முதலில் பார்த்தது காஞ்சனாவை.

"இன்னாடி காஞ்சனா, இப்டி ஊதிட்ட? நான் தெச்ச ஜாக்கெட்டுல இப்ப கைகூட நுழையாதே!"

அப்புறம் ரகுவைப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"சீனு புள்ளைதானே? அதே மூக்கு. ஏண்டா, வாசல்லயே நின்னுண்டிருக்கே? உள்ள வா."

ஒரே மூச்சில் இரண்டு தமிழ்! அவரே அதைக் கவனித்தார் போலிருக்கிறது. வாயைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பாஷை பேசறதுக்கு ஆளே இல்லாம போச்சுடா எனக்கு" என்றார்.

ரகு என்ன செய்தார் தெரியுமா? கையிலிருந்த ஃபைலைத் திறந்தார். பத்திர நகல், வாக்காளர் பட்டியல், குடும்ப மரம் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார். இன்ஷூரன்ஸ் புத்தி எங்கே போகும்!

"ஆதாரமெல்லாம் எடுத்துண்டு வந்திருக்கேன் அத்தை..."

"எதுக்கு? நான்தான் நான்னு எனக்குத் தெரியும். ஃபைலை ஓரமா வை. காபி குடி."

காபி வந்தது. அத்தையின் பார்வை என் பக்கம் திரும்பியது. ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானே பத்திரிகையில வாராவாரம் எழுதறவ?"

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஒரு விநாடிக்கு.

"உங்க மாமனார் நீச்சல்ல புலி, சித்திரக்குளத்தை அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்துவார்னு எழுதியிருந்தியே, யாரு சொன்னா?"

"அவர்தான்... சொல்லிண்டிருப்பார்..."

"புலியாம் புலி! படி வழுக்கி விழுந்து முழுகினவனைத் தலைமயிரைப் பிடிச்சு இழுத்துக் கரையில போட்டது நான். ரெண்டு வயசு சின்னவ நான், அவன் கனத்தைத் தாங்க முடியாம எனக்குக் கை பிசகிப் போச்சு. எழுதறதுக்கு முன்னாடி நாலு பேரை விசாரிக்க வேண்டாமா?"

விஜயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சொல்லித்தான் தெரிந்தது. பல வருடங்களுக்கு முன், வேலை பார்க்கிற இடத்திலிருந்து படிக்க எடுத்து வந்த வாரப் பத்திரிகையில் இந்தப் பத்தி இருந்திருக்கிறது. கணவர் பெயர் ரகு, மாமனார் சீனிவாசன், சித்திரக்குளம்... அத்தைக்கு வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து ஒரு வாரம் விட்டதில்லை. என் மகன் பிளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்டது தெரியும். எங்கள் ஃப்ளாட்டில் தண்ணீர் வராதது தெரியும். எனக்கும் என் நாத்தனாருக்கும் நடந்த வடாம் சண்டை தெரியும்.

"ரகு பாகற்காய் விரும்பிச் சாப்பிடுவான்னு வேற எழுதியிருந்தே. என் புடவைத் தலைப்புல துப்பிட்டு ஓடுவான்!"

இவர் அங்கே முன்னோர்களைத் தேடி உலக வெப்சைட்டையெல்லாம் சல்லடை போட்டுக்கொண்டிருந்தார். அத்தை இங்கே உட்கார்ந்த இடத்தில் எங்கள் குடும்ப வரலாற்றை வாராவாரம் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பற்றிக் கிடைக்கிற மிக விரிவான ஆவணம் எது? நான்தான். பிழைகளோடு!

"தெரிஞ்சிருந்துமா அத்தை... ஒரு தடவை வந்திருக்கப்படாதா?" என்றார் ரகு.

அத்தை மிஷின் மேலிருந்த துணியை மடித்தார்.

"கூப்பிடாத ஆத்துக்கு எப்படிடா வரது?"

அவரே தொடர்ந்தார்.

"உங்கப்பா ஒரு தடவை வந்தான். பத்திரத்துல கையெழுத்து வேணும்னான். போட்டேன். படிச்சுக்கூடப் பார்க்கலை. வீடு எனக்கெதுக்கு? காபி கலந்து வெச்சேன். குடிக்கலை. கிளம்பறச்சே இந்த மிஷின்கிட்ட நின்னான். கையால தொட்டுப் பார்த்தான். 'நன்னா ஓடறதா?'ன்னான். 'ஓடறது'ன்னேன். அவ்வளவுதான். அப்பறம் வரலை."

'போயிட்டா' என்று முடித்துக்கொண்ட என் மாமனார், தங்கையின் மிஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். முப்பது வருடம் அவரோடு ஒரே வீட்டில் இருந்தேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை. இது எந்த அரசிதழில் கிடைக்கும்?

ரகு தம்ளரைக் கீழே வைத்தார். "அத்தை, நான் ஒண்ணு சொல்லணும். நீ... இல்லைன்னு நினைச்சுண்டு... வருஷா வருஷம் மஹாளயத்துல உன் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணியும் இறைச்சிண்டிருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன இடத்தில் சொல்கிற விஷயமா இது!

அத்தை இவரையே உற்றுப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று விஜயா எழுந்தாள். அழுகை இல்லை.

"அடப்பாவி! அதான் வெயில் காலத்துலகூட எனக்குத் தாகமே எடுக்கறதில்லையா!" சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பின் கண்ணீர்தான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. "அந்த ஆத்துல என் பேரை ஒருத்தனாவது சொல்லிண்டிருந்தானே... போறும்டா."

"அத்தை, இன்னொரு தம்ளர் காபி கிடைக்குமா?" என்றார் ரகு. சர்க்கரை இருக்கிற மனிதர். நான் தடுக்கவில்லை.

அப்புறம்தான் ஃபைலைத் திறக்க அனுமதி கிடைத்தது. ஃபைலில் இருந்த குடும்ப மரத்தை அத்தை விரலால் தடவிக்கொண்டு போனார். தன் பெயர் இருந்த கட்டத்தில் விரல் நின்றது. பக்கத்துக் கட்டம் காலி.

"இதுல அவர் பேரைப் போடுவியா? இல்லே, உங்க தாத்தா கோச்சுப்பாரா?"

"எலுமிச்சம்பழத்துல மூணாவது வந்தவரெல்லாம் கோச்சுக்க முடியாது அத்தை" என்றேன் நான்.

ரகு போனிலேயே வெப்சைட்டைத் திறந்தார். துரைக்கண்ணு என்று அடித்தார். தொழில் என்ற இடத்தில் விரல் தயங்கியது. "பஸ் கண்டக்டர்னு போடு" என்றார் அத்தை. "தையல் கிளாஸ் போற பஸ்ல. எத்தனை கூட்டம் இருந்தாலும் எனக்கு மட்டும் டிக்கெட்டை மடிக்காம குடுப்பார். அதெல்லாம் போட இடமிருக்கா?"

இடமில்லை. அதற்கெல்லாம் எந்த வெப்சைட்டிலும் கட்டம் கிடையாது. விஜயா பெயரையும் சேர்த்தாயிற்று. கடைசியாக அத்தையின் கட்டத்தில் 'மறைந்தவர்' என்று இருந்ததை 'வாழ்பவர்' என்று மாற்றினார் ரகு. மாற்றிய உடனே என்ன ஆயிற்று தெரியுமா? உயிரோடு இருப்பவர்களின் விவரம் மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது அந்த வெப்சைட்டின் விதி. வெளியார் பார்த்தால் அலமேலு என்ற பெயர் தெரியாது. வெறும் சாம்பல் நிறக் கட்டம்தான். அரை நூற்றாண்டாக வீட்டில் மறைத்த பெயரைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தால், கம்ப்யூட்டரும் அதையே செய்கிறது!

உங்களில் பலர் இந்தத் தேடலில் இருப்பீர்கள், எனக்குத் தெரியும். நானும் சிரித்தவள்தான், இனி சிரிக்க மாட்டேன். தேடுங்கள். வில்லங்கச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், ஆண்டு மலர்களைப் புரட்டுங்கள், வாக்காளர் பட்டியலில் ஸ்கேல் வைத்து நகருங்கள். எல்லாம் பிரயோஜனம்தான். ஆனால், அங்கேயெல்லாம் கிடைப்பது பதிவுப் பெயர். கூப்பிடுகிற பெயர் வேறு. அலமேலுவைக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். மிஷினம்மாவைக் காஞ்சனாவுக்குத்தான் தெரியும். அதனால் படிக்கும்போது கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள். பக்கத்தில் யாராவது வீடு துடைத்துக்கொண்டிருக்கலாம்.

கிளம்பும்போது பயந்துகொண்டே கேட்டேன். "அத்தை, இதைப் பத்தியில எழுதட்டுமா?"

"எழுது. சீனு முழுகினதை முக்கியமா எழுது. எங்காத்துக்காரர் பேரையும் போடு. என் வயசை மட்டும் போட்டே, அடுத்த தடவை காபி கிடையாது."

போடவில்லை அத்தை. நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.